கோத்தகிரி டூ மண்டபம்: அம்மாவை கூட்டிட்டு கடல் பார்க்க போன ரெண்டு பயணம், முதல் பயணம் ஏன் தாராபுரத்துலயே நின்னுச்சு

இது எங்க வீட்டுல நடந்த விஷயம். மலையில இருந்து கடல் வரைக்கும் வயசானவங்களை கார்ல கூட்டிட்டு போகணும்னு நினைக்கிற நம்ம பக்கத்து ஆளுங்களுக்கு உதவும்னு முழுசா எழுதறேன். ரெண்டு தடவை கிளம்பினோம், 2024 மே மாசம் ஒண்ணு, 2025 பிப்ரவரி ஒண்ணு. ரோடு அதே ரோடு, கார் அதே கார், ஆளுங்களும் அதே நாலு பேர், அம்மா, நான், வீட்டுக்காரி, எட்டு வயசு பையன். முதல் தடவை தாராபுரத்துல ஆஸ்பத்திரில போய் நின்னோம். ரெண்டாவது தடவை தனுஷ்கோடி கடைசில இருக்கற அரிச்சல்முனை வரைக்கும் போய் கால் நனைச்சுட்டு வந்தோம்.

எதுக்கு போனோம்ங்கறத முதல்ல சொல்லிடறேன், ஏன்னா பிளானே அதுல இருந்துதான் வருது. அம்மா சிலோன்ல ஹட்டன் பக்கம் ஒரு தேயிலை தோட்டத்து லயத்துல, அதாவது தொழிலாளிங்க இருக்கற வரிசை வீட்டுல, பிறந்தவங்க. 1964 அக்டோபர்ல நம்ம பிரதமர் சாஸ்திரியும் சிலோன் பிரதமர் சிறிமாவோவும் கையெழுத்து போட்ட ஒப்பந்தத்துல, அங்க இருந்த இந்திய வம்சாவளி ஜனங்கள்ல 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கணும்னு ஆச்சு, அதுல 1972ல வந்த குடும்பம் எங்க தாத்தாவோடது. அம்மாவுக்கு அப்ப பதினொரு வயசு. தலைமன்னார் வரைக்கும் ரயில், அங்க இருந்து கப்பல்ல ராமேஸ்வரம், அப்புறம் மண்டபம் கேம்ப், அங்க குடும்ப அட்டை வாங்கிட்டு மலையேறி டேன்டீங்கற அரசு தேயிலை தோட்டத்துக்கு வந்து சேர்ந்தாங்க. வந்தவங்களுக்கு வேலை குடுக்கத்தான் 1968ல கவர்மெண்ட் அந்த தேயிலை திட்டத்தையே ஆரம்பிச்சது. முப்பத்தஞ்சு வருஷத்துக்கு மேல கொழுந்து பறிச்சாங்க அம்மா, அந்த கடலை மட்டும் திரும்ப பார்க்கவே இல்ல. ரிடையர் ஆனதுக்கு அப்புறம் ஒரு நாள் சாதாரணமா, தம்பி, அந்த மண்டபத்தை ஒருக்கா பார்த்துட்டு வந்துடலாமான்னு கேட்டாங்க. வேற எதுவும் எங்கிட்ட கேட்டது கிடையாது அவங்க.

கோத்தகிரி, மேட்டுப்பாளையம், அன்னூர், அவிநாசி, திருப்பூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம், திண்டுக்கல், மதுரை, பரமக்குடி, ராமநாதபுரம், மண்டபம், ராமேஸ்வரம். சுமார் 430 கிலோமீட்டர். மேப்ல பார்த்தா ஒன்பது மணி நேரம்னு காட்டுது, நான் அதை நம்பி ஒரே நாள் பயணம்னு முடிவு பண்ணேன்.

முதல் தடவை

2024 மே முதல் வாரம். பையனுக்கு லீவு, எனக்கும் லீவு, அதனால அப்ப போனோம், வேற காரணமே இல்ல. அந்த வருஷம் ஏப்ரல் கடைசில ஊட்டியிலயே 29 டிகிரி தொட்டுச்சு, கீழ எப்படி இருக்கும்னு நான் யோசிச்சிருக்கணும். அஞ்சு மணிக்கு கிளம்பறதா பேச்சு, சொந்தக்காரங்க வழியனுப்ப வந்தாங்க, டீ போட்டாங்க, கிளம்பும்போது மணி ஒன்பதே கால்.

காட் ரோடுல ஒரு பிரச்சனையும் இல்ல. அந்த 33 கிலோமீட்டரை நான் இருபது வருஷமா ஓட்டறேன், எந்த வளைவுல எதிர்ல பஸ் அகலமா வரும்னு கண்ணை மூடிட்டு சொல்லுவேன், செகண்ட் கியர்லயே இறக்கினேன், பிரேக் வாசனை கூட வரல. நான் கிளம்பறதுக்கு முன்னாடி ரெடி பண்ணதே அந்த 33 கிலோமீட்டருக்குத்தான். பிரேக் பேட் மாத்துனேன், பிரேக் ஆயில் மாத்துனேன், ஹேண்ட் பிரேக் டைட் பண்ணேன். மலைக்கார புத்தி அப்படித்தான் போகும், ஆபத்துன்னா மலைன்னு.

அன்னூர் தாண்டினதும் ஏசி போட்டேன். காத்து வருது, குளிர்ச்சி இல்ல. யோசிச்சு பார்த்தா ஒன்றரை வருஷமா நான் அந்த பட்டனையே தொடல, கோத்தகிரியில யார் ஏசி போடுவா. அப்புறம் மெக்கானிக் சொன்னதுதான், ஏசியை ஓட விடாம அப்படியே வச்சிருந்தா கம்ப்ரஸர் சீல் காய்ஞ்சு போகும், உள்ள சுத்தற ஆயில்தான் அந்த சீலை ஈரமா வச்சிருக்கும், சீல் காய்ஞ்சா கேஸ் கொஞ்சம் கொஞ்சமா வெளிய போயிடும். குளிர் காலமா இருந்தாலும் வாரத்துக்கு ஒரு தடவை பத்து நிமிஷம் ஓட விடணுமாம். மலையில இருக்கற பாதி காருக்கு இந்த வியாதி இருக்கும், கீழ இறங்கற வரைக்கும் தெரியாது.

சரின்னு கண்ணாடியை இறக்கி விட்டு போனோம். திருப்பூர் டிராபிக்ல முக்கால் மணி நேரம் போச்சு. அதுக்கப்புறம் நேர் ரோடு, அடுப்புக்கு முன்னாடி உட்கார்ந்த மாதிரி காத்து. அப்ப எனக்கு நடந்தது ஒண்ணு, இதை மறைக்காம எழுதணும். மலை ரோடுல நிமிஷத்துக்கு நாலு தடவை கை வேலை செய்யும், கண்ணு வேலை செய்யும், தூக்கம் கிட்டயே வராது. நேர் ரோடுல கையும் காலும் சும்மா இருக்கு, மதிய நேரம், சூடு, சாப்பிட்ட சாப்பாடு. ஒரு இடத்துல வண்டி இடது ஓரம் மண்ணுல ஏறி சத்தம் வந்தப்பதான் நான் கண்ணு சொக்கியிருக்கேன்னு தெரிஞ்சது. ரெண்டு செகண்டோ மூணு செகண்டோ. வீட்டுக்காரி ஒண்ணும் பேசல, என் தோள்ல கை வச்சாங்க அவ்வளவுதான். வண்டியை ஓரம் கட்டி முகம் கழுவிட்டு திரும்ப எடுத்தேன், நிறுத்தி அரை மணி நேரம் தூங்கியிருக்கணும், தூங்கல.

தாராபுரம் நெருங்கறப்ப பையன், அப்பா பாட்டி பேச மாட்டேங்கறாங்கன்னான். திரும்பி பார்த்தா அம்மா தலை சாய்ஞ்சிருக்கு, கூப்பிட்டா ம்ங்கறாங்க, கண்ணு திறக்கல, உதடு வெள்ளையா இருக்கு. தாராபுரத்துல ஒரு ஆஸ்பத்திரில சேர்த்து டிரிப் ஏத்துனாங்க. டாக்டர் கேட்ட முதல் கேள்வி, காலையில இருந்து எவ்வளவு தண்ணி குடிச்சாங்க. எனக்கு தெரியல. வீட்டுக்காரிக்குத்தான் தெரிஞ்சிருந்தது, ஒரு டீ, அப்புறம் ரெண்டு மடக்கு தண்ணி. ஏன்னா வழியில பாத்ரூம் எங்க இருக்கும்னு தெரியாது, நடுவுல வண்டியை நிறுத்த சொல்லி எனக்கு தொந்தரவு குடுக்கக்கூடாதுன்னு அம்மா குடிக்காமலே வந்திருக்காங்க. அதுக்கு மேல பிரஷர் மாத்திரை, அதுல சிறுநீரை அதிகமா போக வைக்கிற மருந்தும் சேர்ந்திருக்கு, காலையில வழக்கம் போல போட்டாச்சு. நாப்பது டிகிரி காத்து, குடிக்காத தண்ணி, உடம்புல இருக்கற நீரையும் வெளிய தள்ளற மாத்திரை, மூணும் சேர்ந்து உடம்புல நீரும் உப்பும் இறங்கிடுச்சுன்னு டாக்டர் பொறுமையா சொன்னாரு.

அன்னிக்கு ராத்திரி அங்கயே லாட்ஜ்ல தங்கி, மறுநாள் விடியறதுக்கு முன்னாடி கிளம்பி மலை ஏறிட்டோம். வண்டியில யாரும் அதிகமா பேசல. குஞ்சப்பனை தாண்டி குளிர் காத்து வந்ததும் அம்மா, உனக்கு வீணா செலவு வச்சுட்டேன் தம்பின்னாங்க. அந்த வார்த்தை எனக்கு இன்னிக்கு வரைக்கும் உறுத்துது, தப்பு முழுக்க என்னோடது.

என்ன தப்பு நடந்துச்சு

வீட்டுக்கு வந்து ஒரு நோட்டு எடுத்து உட்கார்ந்து எழுதினேன். எழுத எழுத ஒண்ணு தெளிவாச்சு, நான் கிலோமீட்டரை வச்சு பிளான் போட்டிருக்கேன். 430 வகுத்தல் 50, அவ்வளவுதான் என் பிளான். அம்மா எத்தனை மணி நேரத்துக்கு ஒருக்கா இறங்கணும், எங்க இறங்கினா பயமில்லாம பாத்ரூம் போகலாம், அந்த நேரத்துல வெயில் எவ்வளவு, நான் எத்தனை மணி வரைக்கும் முழிப்பா ஓட்டுவேன், இது ஒண்ணுமே அதுல இல்ல. ஏசி கூட ரெண்டாவது விஷயம்தான், ஏசி இருந்திருந்தாலும் அம்மா தண்ணி குடிச்சிருக்க மாட்டாங்க. நம்ம ஊர் பொம்பளைங்க பஸ்ல ஏறினாலே தண்ணி குடிக்கறத நிறுத்திடுவாங்க, எங்க வீட்டுல மட்டும் இல்ல, கேட்டு பாருங்க. அதை கூட வர்ற ஆம்பளைங்க கவனிக்கறதே இல்ல, நானும் கவனிக்கல.

அதனால ரெண்டாவது பிளானை நிறுத்தற இடத்துல இருந்து ஆரம்பிச்சேன். ஒன்னேகால் மணி நேரத்துக்கு மேல வண்டி ஓடக்கூடாது, நிறுத்தற ஒவ்வொரு இடத்துலயும் பாத்ரூம் கட்டாயம், வெஸ்டர்ன் டாய்லெட் இருந்தா இன்னும் நல்லது, முட்டி மடங்காதவங்களுக்கு அது பெரிய விஷயம். பெட்ரோல் பங்க்ல டாய்லெட், குடிக்கற தண்ணி, டயருக்கு காத்து மூணும் இலவசமா குடுக்கணும்ங்கறது ரூல், பெட்ரோல் போடணும்னு கூட அவசியம் இல்ல. ஆனா சுத்தம்ங்கறது இடத்துக்கு இடம் மாறும், அதனால திண்டுக்கல், மதுரை பக்கம் லாரி ஓட்டற நம்ம ஊர் பசங்ககிட்ட கேட்டு எந்த பங்க், எந்த ஹோட்டல்னு எழுதி வாங்கினேன். வீட்டுக்காரி தனியா ஒரு லிஸ்ட் சேர்த்தாங்க, அது என்னோடதை விட நல்லா இருந்துச்சு, உள்ள தாழ்ப்பாள் இருக்கா, தண்ணி வருதா, வாசல்ல கூட்டம் நிக்குமான்னு எல்லாம் விசாரிச்சு.

அடுத்தது எந்த மாசம்னு முடிவு பண்றது. மே வேண்டவே வேண்டாம். அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் வடகிழக்கு மழை, மத்த இடத்துக்கு எப்படியோ, கோத்தகிரிக்கும் ராமேஸ்வரத்துக்கும் அதே மழைதான் பெருமழை, இங்க மண்ணு சரியும் அங்க புயல் சின்னம்னு எச்சரிக்கை கூண்டு ஏத்துவாங்க, ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல மாட்டிக்கும். 1964 டிசம்பர் 22 ராத்திரி தனுஷ்கோடியை கடல் எடுத்ததும் அந்த பருவத்துலதான். மிச்சம் இருக்கறது ஜனவரி, பிப்ரவரி. அதுலயும் 2025ல ஜனவரி 29 தை அமாவாசை, ராமேஸ்வரத்துல கால் வைக்க இடம் இருக்காது. பிப்ரவரி 11 தைப்பூசம், அதுக்கு முன்னாடி தாராபுரம், ஒட்டன்சத்திரம் ரோடு பூரா பழனிக்கு பாதயாத்திரை போறவங்க, ராத்திரியும் விடியக்காலையும் ரோட்டோரம் நடந்து போவாங்க, அந்த நேரத்துல அந்த ரோட்டுல கார் ஓட்டறது எனக்கு மனசு வரல. பிப்ரவரி 26 சிவராத்திரி. இதுக்கு நடுவுல விழுந்த செவ்வாக்கிழமை, பிப்ரவரி 18, அன்னிக்கு கிளம்பறதா முடிவு. பையனுக்கு ஸ்கூல்ல நாலு நாள் லீவு எழுதி குடுத்தோம்.

வண்டி வேலை. ஏசி கேஸ், சீல் மாத்தியாச்சு. ரேடியேட்டரை திறந்தா உள்ள இருக்கறது வெறும் தண்ணி, துரு நிறம், வருஷக்கணக்கா குறைய குறைய பைப் தண்ணி ஊத்தி ஊத்தி அப்படி ஆயிருக்கு. மேல இருக்கற குளிருக்கு அது போதும், கீழ நாலு மணி நேரம் எண்பதுல போனா போதாது. கழுவி கூலண்ட் ஊத்தினோம், ஒரு ஹோஸ் விரிசல் விட்டிருந்தது அதையும் மாத்தினோம். டயர்தான் பெரிய பாடம். பட்டன், அதாவது ரோட்டுல படற கட்டை, நல்லா இருக்கு, புது டயர் மாதிரி, ஆனா பக்கத்துல நாலு எண்ணு போட்டிருக்கும் பாருங்க, முதல் ரெண்டு வாரம் அடுத்த ரெண்டு வருஷம், என்னோடதுல 2314. 2014ல செஞ்ச டயர், பத்து வருஷம் ஆச்சு. மலையில வருஷத்துக்கு ஓடற கிலோமீட்டர் கம்மி, அதனால தேயாது, ரப்பர் மட்டும் கெட்டியாகி பக்கவாட்டுல மயிரிழை மாதிரி வெடிப்பு விடும். அந்த டயரோட மே மாச வெயில்ல அம்மாவையும் பையனையும் வச்சுட்டு போயிருக்கேன். நாலும் மாத்தினேன், இருபதாயிரம் கிட்ட ஆச்சு, யோசிக்கவே இல்ல.

டயர் காத்து பத்தி ஒரு சந்தேகம் நம்ம ஊர்ல எல்லாருக்கும் இருக்கும், மேல அடிச்ச காத்து கீழ போனா கூடுமா குறையுமான்னு. 1800 மீட்டர் இறங்கறப்ப வெளிக்காத்தோட அழுத்தம் கிட்டத்தட்ட 3 பிஎஸ்ஐ கூடும், அதனால கேஜ்ல 3 குறைவா காட்டணும். ஆனா 15 டிகிரி குளிர்ல அடிச்ச காத்து 35 டிகிரில சூடாகி சுமார் 3 பிஎஸ்ஐ ஏறும். ஒண்ணுக்கு ஒண்ணு கழிஞ்சு ஏறக்குறைய அதே அளவுதான் நிக்கும். அதனால கிளம்பறப்ப சரியா அடிச்சுட்டு, மறுநாள் விடியக்காலை டயர் ஆறியிருக்கும்போது ஒருக்கா பார்த்தா போதும். ஓடி சூடான டயர்ல கேஜ் வச்சு கூட இருக்குன்னு காத்தை இறக்கிடாதீங்க.

மாத்திரைக்கு கோத்தகிரி டாக்டரை பார்த்தோம். பயண நாள்ல எந்த நேரத்துக்கு போடணும், எவ்வளவு தண்ணி குடிக்கணும்னு அவர் எழுதி குடுத்தாரு. நாமளா மாத்திரையை நிறுத்தறதோ, பிரஷர் இருக்கறவங்களுக்கு கேக்காம உப்புக்கரைசல் கரைச்சு குடுக்கறதோ கூடாதுன்னு அழுத்தி சொன்னாரு. எங்க கார் கோயமுத்தூர் நம்பர், திரும்பி மேல ஏறும்போது கேப்பாங்கன்னு, வெளியூர் வண்டி நீலகிரிக்குள்ள வர்றதுக்கான இ-பாஸும் முன்னாடியே போட்டு வச்சேன், 2024 மே 7ல இருந்து அது வந்துடுச்சு.

ரெண்டாவது தடவை

காலை அஞ்சரைக்கு கிளம்பினோம், இந்த தடவை யாருக்கும் சொல்லல. அவிநாசில இட்லி, தாராபுரத்துல நீர்மோர், ஒட்டன்சத்திரத்துல ஒரு நிறுத்தம், பன்னண்டு மணிக்கு முன்னாடி திண்டுக்கல் ரூமுக்குள்ள போயாச்சு. 200 கிலோமீட்டர்தான், அதோட அன்னிக்கு முடிஞ்சது. வெயில் ஏற ஆரம்பிக்கறப்ப நாங்க ஃபேனுக்கு கீழ படுத்திருக்கோம். தாராபுரத்துல அம்மா அந்த ஆஸ்பத்திரி எந்த தெருன்னு கேட்டாங்க, காட்டுனேன், பாட்டில்ல இருந்து தண்ணி குடிச்சாங்க. ஒவ்வொரு நிறுத்தத்துலயும் வீட்டுக்காரி முதல்ல இறங்கி பார்த்துட்டு வந்து, அத்தை நல்லா இருக்கு வாங்கன்னு கூப்பிடுவாங்க. இந்த ஒரு ஏற்பாடுலதான் அம்மா தைரியமா தண்ணி குடிச்சாங்கன்னு நான் நினைக்கிறேன்.

மறுநாள் அஞ்சேகாலுக்கு திண்டுக்கல்ல இருந்து எடுத்தோம். மதுரைக்கு ஊருக்குள்ள போகல. கீழடி, திருப்புவனம், மானாமதுரை, வைகை பக்கத்துலயே வருது, பரமக்குடி வரைக்கும் நாலு வழி. அதுக்கப்புறம் ராமநாதபுரம் வரைக்கும் ரெண்டு வழிதான், எதிர்ல வர்ற பஸ் ஓவர்டேக் எடுத்துட்டு நம்ம பக்கம் வந்துடும், அங்க நேரம் மிச்சம் பிடிக்கலாம்னு நினைக்கவே கூடாது. ரெண்டு பக்கமும் சீமைக்கருவேலம், பச்சை மலையே பார்த்து வளர்ந்த பையன், இங்க யாருப்பா இருப்பாங்கன்னு கேட்டான்.

பத்து மணிக்கு மண்டபம். கேம்ப்ல இப்பவும் இலங்கையில இருந்து போர் காலத்துல வந்த அகதி ஜனங்க இருக்காங்க, நாம நினைச்சா உள்ள போக முடியாது, அது எங்களுக்கு முன்னாடியே தெரியும். அதனால மண்டபம் கேம்ப் ரயில்வே ஸ்டேஷன்ல போய் உட்கார்ந்தோம், கேம்ப் பேர்லயே அந்த ஸ்டேஷன். சின்ன ஸ்டேஷன், ஒரு வேப்ப மரம், நாங்க நாலு பேர். அம்மா ரொம்ப நேரம் தண்டவாளத்தையே பார்த்துட்டு இருந்தாங்க. அப்புறம் மெதுவா பேச ஆரம்பிச்சாங்க, கப்பல்ல எல்லாரும் வாந்தி எடுத்தது, தாத்தா ஒரு தகரப்பெட்டியை மடியில வச்சு யாருக்கும் குடுக்காம வந்தது, கேம்ப்ல வரிசையில நின்னது, கோத்தகிரின்னு எழுதி குடுத்தப்ப அது எந்த திசைன்னு தாத்தாவுக்கு தெரியாதது. எனக்கு இதுல பாதி புதுசு. வெள்ளைக்காரன் காலத்துல சிலோன் தோட்டத்துக்கு ஆள் ஏத்துறப்பவும் இதே மண்டபம் கேம்ப்லதான் நாள் கணக்குல நோய் இருக்கான்னு வச்சு பார்த்து அனுப்புனாங்க. தாத்தாவோட அப்பா போனது இந்த வழி, தாத்தா திரும்பி வந்தது இந்த வழி.

பாம்பன்ல ரோட்டுப்பாலம் 1988 அக்டோபர் 2 தான் திறந்தாங்க, அம்மா வந்தப்ப ரயில் பாலம் மட்டும்தான். நாங்க போனப்ப புது ரயில் பாலம் கட்டி முடிச்சு நின்னுச்சு, ரயில் விடல, ஏப்ரல் 6ல தான் விட்டாங்க. பாலத்து மேல எல்லாரும் வண்டியை நிறுத்தி போட்டோ எடுக்கறாங்க, தயவு செஞ்சு அதை பண்ணாதீங்க, பின்னாடி பஸ் வருது. மெதுவா ஓட்டினா போதும், ரெண்டு பக்கமும் கடல் நல்லா தெரியும்.

ராமேஸ்வரத்துல தங்கிட்டு மூணாவது நாள் விடிஞ்சதும் தனுஷ்கோடி. சாயங்காலம் சீக்கிரமே வண்டியை உள்ள விடறத நிறுத்திடுவாங்க, வெயிலும் இருக்கும், அதனால காலைதான் சரி. ஒரு பக்கம் அலையே இல்லாத பெண்கடல், இன்னொரு பக்கம் இரையற ஆண்கடல், அங்க இருக்கறவங்க அப்படித்தான் சொல்றாங்க. அரிச்சல்முனையில ரோடு முடியற இடத்துல அம்மா சேலையை கொஞ்சம் தூக்கி பிடிச்சுட்டு தண்ணிக்குள்ள நாலடி போனாங்க, பையன் கையை பிடிச்சுக்கிட்டான். தலைமன்னார் எந்த பக்கம்னு கேட்டாங்க. காட்டுனேன். கண்ணுக்கு ஒண்ணும் தெரியல, வெறும் தண்ணிதான், ஆனாலும் அந்த பக்கமே பார்த்துட்டு நின்னாங்க. நான் தள்ளி நின்னேன், அந்த நேரத்துல போட்டோ எடுக்க தோணல.

திரும்பி வர்றப்ப மதுரையில ஒரு ராத்திரி தங்கி நாலாவது நாள் மலை ஏறினோம். பெட்ரோல் போக வர ஆறாயிரம் சொச்சம், மூணு ராத்திரி ரூம். மேட்டுப்பாளையம் தாண்டி வளைவு ஆரம்பிச்சதும் ஏசியை நிறுத்தி கண்ணாடியை இறக்க சொன்னாங்க அம்மா.

இப்ப சேரம்பாடியில இருக்கற சித்தி, அம்மாவோட தங்கச்சி, என்னையும் கூட்டிட்டு போ தம்பின்னு போன் பண்ணியிருக்காங்க. வர்றப்ப அவங்களுக்கு ஏழு வயசு, கப்பல்ல வந்ததே ஞாபகம் இல்லையாம், அதனாலதான் பார்க்கணும்ங்கறாங்க. அவங்களுக்கு சுகர், முட்டி வலியும் உண்டு. நோட்டுல அவங்க பேர் போட்டு புது பக்கம் திறந்து, நிறுத்தம் முக்கால் மணி நேரத்துக்கு ஒண்ணுன்னு எழுதி வச்சிருக்கேன், முதல் ராத்திரியை கோத்தகிரில நம்ம வீட்டுலயே தங்க வச்சுட்டா கணக்கு சரியா வருது.